சாதகமும் சப்ளையும்

புரட்டாசி நாட்களில் ஓவியர்கள் மத்தியில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பிக்கும். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு சொல். அன்றன்றைக்கான சொல்லை எடுத்துக்கொண்டு மையால் ஒரு படம் வரைய வேண்டும், அன்றைக்கே இணையத்தில் போட்டுவிட வேண்டும். இங்க்டோபர் என்று பெயர். இங்க்கும் அக்டோபரும் சேர்ந்த சிலேடை. ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009இல் தன்னுடைய மைக்கோட்டு வேலை தேற வேண்டும், தினமும் வரைகிற பழக்கம் வர வேண்டும் என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட வீட்டுப்பாடம் அது. 2016இல் அதிகாரபூர்வமான சொற்பட்டியல் வந்தது. இன்று திருச்சியிலும் தூத்துக்குடியிலும்கூட செப்டம்பர் கடைசி வாரத்தில் பேனா வாங்கி வைத்துக்கொண்டு அக்டோபர் ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வரைவது நல்லது. தினமும் காட்டுவது கெடுதல். இந்த இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டி, அதற்குக் ‘கன்சிஸ்டென்சி’ என்று பெயர் வைத்து, இருபது வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டோம். வரைந்து பிழைக்க நினைக்கும் எவரிடமும் இன்று சொல்லப்படும் முதல் அறிவுரை இதுதான்: “விடாம போடு. கேப் விடாத.” சொல்பவர்கள் நல்லவர்கள். அறிவுரைதான் மோசம்.

பார்க்கர் மேல் எனக்குக் கோபமில்லை. வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? 2019 இறுதியில் அந்தப் பெயருக்கு வணிகமுத்திரை வாங்கி, அது அச்சிட்ட பொருட்களை விற்ற சில ஓவியர்களுக்கு நோட்டீஸ் போனபோது பெரிய சண்டை நடந்தது. அப்போதும் சண்டை பெயரைப் பற்றித்தான். “நான் வரைந்த முப்பத்தொரு படத்தை என் பெயரில் விற்க முடியாதா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த முப்பத்தொரு படமும் எதற்காக அன்றன்றைக்கே வெளியே வந்தாக வேண்டும் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எழவேயில்லை.

இந்த மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபர் அவர்களுக்கு இலையுதிர்காலம். நமக்கு இலை உதிர்வது மாசி, பங்குனியில். பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் காலம். 2019ஆம் ஆண்டின் பட்டியலில் ஹஸ்கி நாய் இருந்தது, பனி இருந்தது, கோட்டு இருந்தது. மாடியில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்து நம் பிள்ளைகள் ஹஸ்கி நாய் வரைந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, கற்பனைக்கு ஊர் எல்லை கிடையாது. ஆனால் மைக்கு உண்டு. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். மை சீக்கிரம் உலராது, கோட்டின் விளிம்பு மயிர்மயிராகப் பிரியும், கை பட்டால் இழுவும். மைக்கோட்டு வேலைக்கு நம்மூரில் இதைவிடப் பொருத்தமில்லாத மாதம் கிடையாது. “ஹேர் ட்ரையர் வெச்சுக் காய வெச்சேன்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். எதற்கு அவசரம்? ராத்திரி பன்னிரண்டுக்குள் போட்டாக வேண்டும்.

யாருக்குப் போட்டாக வேண்டும் என்று கேட்டால் பதில் வராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை விளம்பரத் தொழிலுக்கு அறுவடைக் காலம். இங்கே தீபாவளி, அங்கே கிறிஸ்துமஸ். மெட்டா மாதிரியான நிறுவனங்களுக்கு வருடத்தின் பெரிய வருமானம் இந்த நான்காம் காலாண்டில்தான் வரும். விளம்பரத்துக்கு நடுவே மக்களை உட்கார வைக்கப் புதிது புதிதாக ஏதாவது வேண்டும். சரியாக அந்தக் காலாண்டின் முதல் நாளில், சம்பளம் எதுவும் கேட்காமல், ஆயிரக்கணக்கான கைத்தேர்ச்சியுள்ளவர்கள் தினம் ஒன்று என்று சரக்கு இறக்குகிறார்கள். சதி என்று சொல்ல வரவில்லை. சதி இல்லாமலேயே இது நடக்கிறது, அதுதான் வியப்பு. விடியற்காலை நாலு மணிக்கு கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவருக்குக் கூலி உண்டு. இவர்களுக்கு இதயம் உண்டு, சிவப்பு நிறத்தில்.

*

என்னோடு பொறியியல் படித்த தோழி ஒருத்தி, மெக்கானிக்கல், நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். குழந்தைகள் புத்தகங்களுக்கு வரைகிறாள், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறாள், மை ஓவியங்களைப் பிரின்ட் போட்டு விற்கிறாள். தனிப்பட்ட ஓவியர் என்று நாம் சொல்வது இந்த வாழ்க்கையைத்தான். பின்னால் நிறுவனம் கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது, காட்சிக்கூடம் கிடையாது. ஐந்து அக்டோபர்களை ஒரு நாள் விடாமல் முடித்தவள். இந்த முறை நவராத்திரி சமயத்தில் போன் செய்தாள்.

“டேய், இந்த வருஷமும் தினம் வரையப் போறேன். ஆனா ஒண்ணுகூடப் போடப் போறதில்ல.”

“அப்புறம் யாருக்குத் தெரியும் நீ வரையறது?”

“எனக்குத் தெரியும்ல.”

பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். நான் இதை எழுதுவதே அந்தப் பேச்சினால்தான். அவள் சொன்னதில் எனக்கு உறைத்தது கோபுரக் கதை. முதல் அக்டோபரில் அவள் ரங்கா ரங்கா கோபுரத்தை வரைய ஆரம்பித்தாள். வீட்டு வாசலில் இருந்து பார்க்கிற கோபுரம், கடைகள், பூக்காரர்கள், கரன்ட் ஒயர் எல்லாம் சேர்த்து. இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை அது. அடுத்த நாள் அடுத்த சொல் வந்து நின்றது. கோபுரத்தை மூடி வைத்தாள். இரண்டாவது வருடம் கோபுரத்தைத் தொடவேயில்லை. மூன்றாவது வருடத்துக்குள் கைக்கு ஒரு சூத்திரம் படிந்துவிட்டது. நடுவில் ஒரு உருவம், சுற்றிலும் வெள்ளை, கட்டைவிரல் அளவில் பார்த்தாலும் புரிகிற மாதிரி கனமான கறுப்பு, ஒன்றரை மணி நேரம். “கடைசில எல்லாமே பூனைடா. எந்த வார்த்தை குடுத்தாலும் பூனை. டிராகன்னா டிராகன் மேல பூனை.”

பூனை நன்றாகத்தான் இருக்கும். நானே ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன். ஆனால் ஐந்து வருடம், நூற்றைம்பத்தைந்து படங்கள், அதற்குள் ஒரு கோபுரம் இல்லை என்பது பயிற்சியின் விளைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சி என்பது வராததை வரவழைப்பது. இங்கே நடந்தது வருவதை மட்டும் வைத்துக்கொள்வது.

அவளுடைய அம்மா ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு விளக்கெரிவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம், “இது யாருக்குடி பரீட்சை?”

நம் சங்கீதக்காரர்களிடம் இதற்கு ஒரு சரியான சொல் இருக்கிறது. சாதகம். விடியற்காலையில் ஒரே வரிசையை மூன்று காலத்தில் நூறு முறை ஓட்டுவது. கேட்கக் கொடுமையாக இருக்கும். சாதகத்துக்கு டிக்கெட் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவதற்கு மேல் அதற்கு ரசிகர் கிடையாது. தப்பு செய்யலாம், தப்பையே நூறு முறை செய்து பார்க்கலாம், குரல் உடைந்தால் உடையட்டும். கச்சேரி வேறு. கச்சேரியில் உடையக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. மாலை கச்சேரிக்கு வருபவர் காலையில் வந்து ஜன்னல் வழியே எட்டிப்பார்த்துக் கை தட்டமாட்டார். தட்டினால் என்ன ஆகும்? பாடகர் அன்றையிலிருந்து கைதட்டு வாங்குகிற வரிசையை மட்டும்தான் சாதகம் செய்வார். பூனை.

இந்தக் கதவைக் கழற்றிவிட்டதுதான் கடந்த பதினைந்து வருட இணையத்தின் வேலை. ‘செய்முறையைக் காட்டு, மக்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்’ என்றார்கள். காட்ட ஆரம்பித்ததும் செய்முறையும் ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. ஸ்கெட்ச் நோட்டே இப்போது முடிந்த ஓவியம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் அழகு, கிழித்த பக்கம் ஒன்று கிடையாது. கிழிக்காத ஸ்கெட்ச் நோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கும், பிழையே காட்டாத நிரலைப் பார்த்தால் வருகிற அதே சந்தேகம்.

*

நிரல் என்றதும் என் தொழிலுக்கு வருகிறேன். ஓவியர்கள் ‘அல்காரிதம்’ என்ற சொல்லை உச்சரிக்கும் விதம் எனக்கு எங்கள் ஊர் எல்லைச்சாமியை ஞாபகப்படுத்தும். “அல்காரிதத்துக்கு ரெண்டு நாள் கேப் விட்டா பிடிக்காது.” “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டா தூக்கி விடும்.” “கோபமா இருக்கு போல, ரீச்சே இல்ல.” கிடா வெட்டாதது ஒன்றுதான் பாக்கி.

நான் நான்கு வருடம் இப்படியொரு ஏற்பாட்டில் வேலை பார்த்தவன். சமூக ஊடகம் இல்லை, செருப்பும் சட்டையும் விற்கிற ஓர் இணையக் கடை. அடிப்படை ஒன்றுதான். உங்கள் முன்னால் வைக்கக்கூடிய லட்சம் பொருட்களிலிருந்து முதலில் சில நூறு பொருட்களை ஒரு சல்லடை பிரிக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணிப்பு: இதை இவர் தொட எத்தனை வாய்ப்பு, வாங்க எத்தனை வாய்ப்பு, திருப்பி அனுப்ப எத்தனை வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி, வருகிற எண்ணை வைத்து வரிசைப்படுத்துவார்கள். முடிந்தது. எடை எவ்வளவு என்பதை ஏ.சி. அறையில் சில மனிதர்கள் அந்தக் காலாண்டின் இலக்கை வைத்து முடிவு செய்வார்கள். அந்த எடை மாறினால் எங்கோ ஒரு செருப்புக் கடைக்காரருக்குத் திங்கட்கிழமை வியாபாரம் படுத்துவிடும். அவர் செருப்பில் ஒரு குறையும் இருக்காது.

இன்ஸ்டாகிராமும் இப்படித்தான் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே 2021இல் விளக்கி எழுதியிருக்கிறார். இந்தப் பதிவில் சில விநாடி நிற்பாரா, விரும்புவாரா, கருத்து எழுதுவாரா, சேமிப்பாரா, போட்டவர் முகப்பைத் தட்டிப் பார்ப்பாரா என்று கணித்துத்தான் வரிசை போடுகிறார்கள். இதில் எங்காவது ‘வரைந்தவர் போன மாதத்தைவிடத் தேறியிருக்கிறாரா’ என்று இருக்கிறதா? அட்டவணையில் அப்படி ஒரு பத்தியே கிடையாது. ‘இதற்கு மூன்று வாரம் ஆனது’ என்பதற்கும் பத்தி கிடையாது. அதற்கு உங்களைப் பிடிக்கவும் பிடிக்காது, வெறுக்கவும் தெரியாது. உங்களைத் தண்டிக்கக்கூட அதற்கு நேரமில்லை. கண் இல்லாத ஒன்றின் முன்னால் தினமும் ஓவியத்தைக் கொண்டுபோய் வைத்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

அதுவும் நிலையாக நின்றால் சரி. 2016 மார்ச்சில் கால வரிசையை விட்டுத் தரவரிசைக்குப் போவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் டிக்டாக் தடையான கையோடு 2020 ஜூலையில் ரீல்ஸ் வந்தது. 2021இல் ‘நாங்கள் இனிமேல் வெறும் புகைப்படம் பகிரும் செயலி இல்லை’ என்கிற பொருளில் மொசேரி வெளிப்படையாகச் சொன்னார். ஓவியர்கள் உடனே தலைக்கு மேல் போனைத் தொங்கவிட்டுத் தங்கள் கையைப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் முகப்புப் பக்கத்தின் சதுரங்கள் நீள்சதுரமாயின. வருடக்கணக்காக மூன்று மூன்றாக நிறம் பொருத்தி அடுக்கியவர்களின் முகப்பெல்லாம் தலை வெட்டுப்பட்டு நின்றது. வாடகை வீட்டில் சுவருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் கதை.

எங்கள் தொழிலில் இதே நோய் வந்து, ஒரு பகுதி குணமும் ஆன வரலாறு ஒன்று இருக்கிறது. ஓவியர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கிட்ஹப் என்பது நாங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் இடம். அங்கே ஒவ்வொருவர் பக்கத்திலும் பச்சைக் கட்டங்களால் ஒரு வருட நாட்காட்டி இருக்கும். வேலை செய்த நாள் பச்சை. அதன் கீழே ஒரு காலத்தில் ஓர் எண்ணும் இருந்தது, எத்தனை நாள் தொடர்ந்து விடாமல் பங்களித்தீர்கள் என்று. பசங்க அந்த எண்ணுக்காக ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுச் சாப்பிடப் போவார்கள். 2016 மே மாதம் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். நாளாக ஆக நீண்ட தொடர்கள் முறிந்தன, வார இறுதியில் பேருக்கு ஒரு பங்களிப்பு போடுவது குறைந்தது. இதைத் தரவுகளோடு காட்டி 2021இல் ஓர் ஆய்வே வந்தது. எண் போனதும் பழக்கமும் போனது என்றால் அந்தப் பழக்கம் யாருடையது? மென்பொருள் உலகம் அதனால் நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காற்புள்ளிகள் இல்லாமலேயே நடக்கிறது.

ஓவியர்களுக்கு அந்த எண்ணை எடுத்துவிட யாரும் இல்லை. அதைவிட மோசம், அந்த எண்ணை அவர்களே எழுதிப் போடுகிறார்கள். நாள் 14/31.

*

இந்த இடத்தில் எனக்கு எதிராக வரக்கூடிய வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்து ஓடுவது நேர்மையில்லை. ஐ.டி. சம்பளம் வாங்குகிறவன் ஓவியரைப் பார்த்து ‘காட்டாதே’ என்பது சுலபம். காட்டாவிட்டால் யார் வாங்குவார்கள்? சென்னையில் நாலு காட்சிக்கூடம், அதில் நுழைய ஆங்கிலமும் அறிமுகமும் வேண்டும். வாரப்பத்திரிகையில் படம் வர ஆசிரியர் குழுவில் ஆள் வேண்டும். சிறு ஊர்ப் பெண்களும், பரம்பரையாகக் கலை உலகத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், யார் சிபாரிசும் இல்லாமல் தங்கள் படத்தை உலகத்துக்குக் காட்டியது இந்தச் செயலிகளால்தான். இது உண்மை. என் தோழிக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை வருவதும் அங்கிருந்துதான். இதை மறந்துவிட்டு ‘போனைத் தூக்கி எறியுங்கள்’ என்று உபதேசிப்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு வாரம் மலையில் போய் உட்கார்ந்துவிட்டு, ‘இணைய விரதம் எனக்குக் கற்றுத்தந்தது’ என்று பத்துப் படங்களோடு திரும்பி வருபவர்கள் அவர்கள். விரதம் முடிந்ததும் பந்தி.

ஆனால் அந்த வாதம் நிரூபிப்பது ஒன்றைத்தான். கடை வேண்டும். சரி, கடை வேண்டும். கடையும் பட்டறையும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதை அது நிரூபிக்கவில்லை.

இதை நமக்கு முன்னால் யோசித்து, செய்தும் காட்டியவர்கள் இஞ்சம்பாக்கத்தில் இருந்தார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966. சென்னைக் கலைக்கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தொடங்கியது. நவீன ஓவியத்தை வாங்க அன்றைக்கு மதராஸில் ஆள் கிடையாது. அவர்கள் என்ன செய்தார்கள்? பாத்திக் துணி, தோல் வேலை, கைவினைப் பொருட்கள் என்று விற்கக்கூடியதைச் செய்து விற்றார்கள். அதற்கென்று ஒரு கைவினைச் சங்கமே வைத்திருந்தார்கள். கடலோரத்தில் அந்த நிலம் வாங்கியதும் பாத்திக் காசில்தான். ஓவியம் விற்க வேண்டிய அவசியத்திலிருந்து ஓவியத்தை அந்தத் துணி காப்பாற்றியது. பாத்திக்கை அவர்கள் மட்டமாகச் செய்யவில்லை, கவனமாகத்தான் செய்தார்கள். ஆனால் துணி வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்த்துக் கான்வாஸில் நிறம் மாற்ற வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்கு ஒரு கை, தனக்கு ஒரு கை.

மனோகர் தேவதாஸ் இன்னொரு உதாரணம். மைக்கோட்டில் மதுரையை வரைந்தவர், 1936இல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். விழித்திரை நோயால் பார்வை வருடத்துக்கு வருடம் குறுகிக்கொண்டே வந்தது. குழாய் வழியே பார்ப்பது மாதிரி ஆகியும் நுண்கோடுகளை விடவில்லை. அவருடைய படங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சாகி அறக்காரியங்களுக்காக விற்றன. அட்டை ஆயிரக்கணக்கானோர் கைக்குப் போனது. ஆனால் மீனாட்சி கோயிலைச் சுற்றிய அந்தத் தெருக்களை ராத்திரி பன்னிரண்டுக்குள் முடிக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அவசரமான கோடு ஒன்றுகூடக் கிடையாது. 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022 டிசம்பரில் காலமானார். அவர் இன்று இருபத்தைந்து வயதில் இருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? “சார், டீட்டெய்ல் ரொம்ப அதிகம். மொபைல்ல தெரியாது. சிம்பிளா ஒண்ணு ட்ரை பண்ணுங்க.”

பிளாட்ஃபாரம் மாறினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2024இல் பொதுவில் கிடக்கும் படங்களைத் தன்னுடைய செயற்கை நுண்ணறிவுக்கு மெட்டா தீனியாகப் போடுவது பெரிய விவகாரமானபோது, ஓவியர்கள் கூட்டமாகக் காரா என்ற சின்னச் செயலிக்கு மாறினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் பேர் ஆறரை லட்சம் பேர் ஆனார்கள். நடத்தியவருக்கு வழங்கி வாடகையாகத் தொண்ணூற்றாறாயிரம் டாலருக்கு மேல் பில் வந்து நின்றது. அவர்கள் நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் குடிபெயர்ந்தவர்கள் கூடவே எடுத்துப்போனது அதே பழக்கத்தை. போன முதல் நாளே, “இங்கே ரீச் எப்படி?” இதில் ஒரு கொடுமையான சொல் விளையாட்டும் இருக்கிறது. அந்த இயந்திரத்துக்குப் படம் ஊட்டுவதை எங்கள் துறையில் ‘பயிற்சி’ என்றுதான் சொல்கிறோம். முப்பத்தொரு நாள் நீங்கள் செய்த பயிற்சி, அதற்குப் பயிற்சி. உங்களுக்குப் பூனை மிஞ்சியது. அதற்கும் பூனைதான் என்றாலும், ஒன்றரை மணி நேரம் ஆகாது.

*

அப்படியானால் என்ன செய்வது என்றால், என் தோழி செய்வதைச் சொல்கிறேன். அது எல்லாருக்கும் பொருந்தும் என்று இல்லை. கணக்கை மூடவில்லை. அதைக் கடை என்று தீர்மானித்துவிட்டாள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை காலை, ஷட்டரைத் திறக்கிற மாதிரி திறக்கிறாள். விற்கிற பிரின்ட், அளவு, விலை, பத்திரிகை மாதிரிகள். பழைய பூனைகள் அங்கே இருக்கின்றன, போய்க்கொண்டும் இருக்கின்றன. மதியம் மூடிவிடுகிறாள். இந்த அக்டோபரில் வரைவது எதுவும் கடைக்கு வராது. செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டுப் பழைய மடிக்கணினியில் மட்டும் வைத்திருக்கிறாள், அது திறக்க ஐந்து நிமிடம் ஆகும் என்பதற்காகவே. எனக்கு இது மிகவும் பிடித்தது. நாங்கள் மாதக்கணக்கில் உழைத்து ஒரு பட்டனைத் தட்டும் நேரத்தை அரை விநாடி குறைக்கிறோம். அவள் ஒரு செத்துப்போன பேட்டரியை வைத்து அதைக் கவிழ்த்துவிட்டாள்.

இன்னொன்றும் செய்தாள். சரஸ்வதி பூஜையன்று வழக்கம்போலப் பேனா, பிரஷ், மைப்புட்டி எல்லாவற்றையும் கொலுப்படி கீழே வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். ஒருநாள் எதையும் தொடக்கூடாது. சின்ன வயதில் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்பதற்காகவே எல்லாருக்கும் பிடித்த பண்டிகை. போன ஐந்து வருடமும் அந்த நாள் அக்டோபரில் விழும்போதெல்லாம் அவள் முந்தின நாளே ஒன்றை வரைந்து வைத்திருப்பாள். பேனாவுக்கு ஓய்வு, பதிவுக்கு ஓய்வு இல்லை. இந்த வருடம் போனுக்கும் ஒரு பொட்டு வைத்துப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். “அதுவும் ஆயுதம்தானே” என்றாள். எங்கள் அலுவலகத்தில் கீபோர்டுக்குப் பொட்டு வைத்து, பொரி சாப்பிட்டு, பத்து நிமிடத்தில் அதே கீபோர்டில் வேலையைத் தொடங்குகிறோம். மதவிரோதம் என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றும், நம்பிக்கை இல்லாதவனாக இருந்தும்.

கோபுரத்தை மறுபடி எடுத்திருக்கிறாள். எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டும் காட்டவில்லை. இரண்டு தாள் கிழித்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள், குரலில் இருந்த சந்தோஷத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவதையும் கிழிப்பாள்.

அவளுக்கு நஷ்டமே இல்லை என்று நான் கதை விட மாட்டேன். ரீச் விழும், விழுந்திருக்கிறது. தீபாவளிக்கு வரவேண்டிய சில ஆர்டர்கள் வராமல் போகலாம். இந்த நஷ்டத்தை ஓவியர்கள் மட்டும் சுமக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் எனக்கு ஆத்திரம். நான் இதை எழுதுவது வரைபவர்களுக்காக மட்டுமில்லை, பார்க்கிறவர்களுக்காகவும்தான். நாம் அந்தப் படங்களுக்குக் கொடுத்த அதிகபட்ச விலை என்ன? பஸ்ஸில் நின்றுகொண்டு கட்டைவிரலால் இரண்டு தட்டு. அதைக் கொடுத்துவிட்டு, பத்து நாள் எதுவும் வரவில்லையென்றால் “என்னங்க, இப்பல்லாம் போடறதே இல்ல?” என்று உரிமையோடு கேட்கிறோம். பால்காரரிடம்கூட நாம் அப்படிக் கேட்பதில்லை, அவருக்கு மாசாமாசம் பணம் கொடுத்தும்.

உங்களுக்குப் பிடித்த மூன்று ஓவியர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் யாரிடமிருந்தாவது எப்போதாவது ஏதாவது காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்களா? ஏ4 அளவு பிரின்ட் ஒன்று பெரும்பாலும் இரண்டு பேர் சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்கும் செலவுக்குள் அடங்கிவிடும். நேரடியாக எழுதிக் கேளுங்கள், விலை சொல்வார்கள். பேரம் பேசாதீர்கள். இது மழைக்காலம், கூரியர் தாமதமாகும், அதற்காக அவரை நச்சரிக்கவும் வேண்டாம். அட்டைக் குழாய்க்கு மேல் பிளாஸ்டிக் உறை சுற்றி அனுப்பச் சொல்லுங்கள், அதற்கு அவர் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வந்ததும் உடனே சட்டம் போட வேண்டாம். ஐப்பசி ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தையில் போட்டுக்கொள்ளலாம்.